பொருள்: லெமெத்ரின் 'பிரைமீவல் ஆட்டம்' (primeval atom), தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். ஒரு பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பலகை வாசகங்களைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'பெருவெடிப்பு' நிலைத்துவிட்ட சொல், அதில் சிக்கல் இல்லை. அதற்கு முந்தைய பலகைதான் இடிக்கிறது. பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குருவும் இயற்பியலாளருமான ஜார்ஜ் லெமெத்ர் 1931இல் ஒரு கருத்தைச் சொன்னார்: அண்டம் முழுவதும் ஒரே 'அணு'வாக இருந்தது, அது பிளந்து பிளந்துதான் இத்தனையும் வந்தன. 'ஆதியணு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

இயற்பியல் ஆசிரியை எழுதியது:
ஆதி வேண்டாமே. பிள்ளைகளுக்கு உடனே ஆதிபகவன்தான் நினைவுக்கு வருவார். லெமெத்ர் தவிர்க்கப் பார்த்ததும் அதைத்தான். 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், இந்த அறிவியல் இறைவனின் படைப்புக்குச் சான்று என்ற தொனியில் பேசினார். லெமெத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது, கடவுளை மறுப்பவரும் அதை ஏற்கலாம் என்பது அவர் நிலை. குருவே அங்கி போர்த்தாத கோட்பாட்டுக்கு நாம் ஏன் போர்த்த வேண்டும்? 'முதலணு' என்று போடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:
அம்மா, ஆதியை விரட்டிவிட்டு முதலை அழைக்கிறீர்கள். அதே குறளில் 'முதற்றே உலகு' என்று முதலும் உட்கார்ந்திருக்கிறதே! போகட்டும், எனக்குச் சம்மதம்தான். தொல்காப்பியர் 'முதல் எனப்படுவது நிலம் பொழுது இரண்டின் இயல்பு' என்கிறார். நிலமும் பொழுதும், அதாவது இடமும் காலமும். அண்டத் தொடக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? அப்புறம், அணு வடசொல் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அணுகு, அணை, அண்மை எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. விரிவாகத் தனி மடலில்.

ஆசிரியை:
ஐயா, நீங்கள் காட்டிய நூற்பாவே முதலணுவுக்கு எதிராகப் போகிறது. உலகம் ஒற்றைக் குவாண்டமாக, அதாவது ஒரே ஆற்றல் பொட்டலமாகத் தொடங்கியிருந்தால், அப்போது இடம், காலம் என்பவற்றுக்கே பொருள் இருக்காது, அது போதிய அளவு பிரிந்த பிறகே பொருள் வரும் என்று லெமெத்ர் 1931இல் நேச்சர் இதழில் எழுதினார். அப்படியானால் அது முதலுக்கும் முந்தியது. 'தொல்லணு' பார்க்கலாமா? மிகப் பழையது என்று மட்டும் சொல்லும்.

மொழிபெயர்ப்பாளர்:
தொல்லணு என்றால் கீழடியில் தோண்டி எடுத்த மாதிரி இருக்கிறதே.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் எழுதியது:
கம்பன் இருக்கக் கவலை ஏன்? 'அணுவினைச் சதகூறு இட்ட கோணினும் உளன்.' அணுவில் நூற்றில் ஒரு பங்கு கோண். ஆகவே 'முதுகோண்'. அணுவின் வேர் பற்றிய தமிழாசிரியர் ஐயாவின் துணிபையும் நம்ப வேண்டியதில்லை.

ஆசிரியை:
கூறிட்டபின் கிடைப்பது கோண். லெமெத்ருடையது இனிமேல்தான் கூறாக வேண்டியது. தவிர, கோண் என்றதும் பிள்ளைகள் பாகைமானியை எடுப்பார்கள்.

சித்தாந்தம் பயில்பவர் எழுதியது:
சைவத்தில் அணு என்பதே உயிரைக் குறிக்கும், அதைக் கவனியுங்கள். இன்னொன்று: இல்லது தோன்றாது என்பது எங்கள் கட்சி. ஒடுங்கியதுதான் மீண்டும் தோன்றும், உலகின் மூலப்பொருளான மாயைக்குத் தொடக்கமே கிடையாது. இன்மையிலிருந்து படைப்பு என்ற கவலை கிறித்தவர்களுடையது. எனவே 'முதல்' என்ற சொல்லே...

மட்டுறுத்துநர் எழுதியது:
இழை திருவாவடுதுறைச் சைவ மடத்துப் பக்கம் திரும்புகிறது, தயவுசெய்து திரும்பி வாருங்கள். பெயர் வைக்க ஆங்கிலக்காரர்களும் பாடுபட்டிருக்கிறார்கள். தொடக்கமே இல்லாத அண்டம் என்ற கட்சிக்காரரான ஃபிரெட் ஹாயில் 1949இல் வானொலியில் சொன்ன பெயர்தான் 'பிக் பேங்', நம் பெருவெடிப்பு. 1993இல் ஒரு வானியல் இதழ் அதற்கு மாற்றுப் பெயர் கேட்டுப் போட்டி வைத்தது. பதின்மூவாயிரத்துக்கும் மேல் வந்தன. நடுவர்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

வேறொருவர்:
'கருவணு'? பரிபாடலில் 'கருவளர் வானத்து' என்று வருகிறதே.

ஆசிரியை:
அணுக்கரு என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதுவார்கள். உண்மையில் என் கவலை முன்னொட்டு அல்ல, அணுதான். லெமெத்ரின் அணுவுக்கு அணு எடை என்றால் அண்டத்தின் மொத்த நிறை. கதிரியக்கத் தனிமம் சிதைவதுபோல அது சிதைந்தது என்றார். அண்டக் கதிர்கள் அந்தச் சிதைவின் மிச்சம் என்றும் நினைத்தார், அது நிற்கவில்லை. ஆனால் 1965இல் அறிவிக்கப்பட்ட நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சு தொடக்கக் கால வெப்பத்தின் எச்சம். 1966இல் இறப்பதற்குச் சற்று முன்பு அந்தச் செய்தி அவருக்கு எட்டியது. எந்தச் சொல்லைப் போட்டாலும் கீழே ஒரு வரி சேருங்கள்: இது ஹைட்ரஜன் அணு போன்றது அல்ல.

மொழிபெயர்ப்பாளர்:
வியாழன் இரவு ஆகிவிட்டது. பெரும்பாலோர் முதலணு என்கிறார்கள், அம்மா சொன்ன வரியோடு அதையே அனுப்புகிறேன். நன்றி.

தனித்தமிழ் அன்பர்:
அச்சு போகட்டும். என் அகராதியில் முதுகோண்தான்.

சித்தாந்தம் பயில்பவர்:
'முதல்' பற்றிய என் மறுப்பு அப்படியே இருக்கிறது. பதிவுசெய்து கொள்ளவும்.