15 மி.மீ. மாசிடோனியப் படையும் போரஸின் படையும்: எந்த அளவு பேஸில் ஒட்டுவது?

புதுத்தளபதி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தரும் போரஸும் மோதிய ஹைடாஸ்பஸ் போரைச் சிற்றுருவங்களை நகர்த்தி ஆடும் மேசைப் போர் ஆட்டமாக ஆட வேண்டும் என்ற எண்ணத்தில், இரு தரப்புக்கும் 15 மி.மீ. உலோக உருவங்களை வாங்கி வண்ணமும் பூசி முடித்துவிட்டேன். ஆனால் ஒரு சிப்பாயைக்கூட இன்னும் பேஸில் (உருவங்கள் நிற்கும் அடிப்பலகையில்) ஒட்டவில்லை. முதலில் ஆடப்போவது டி.பி.ஏ. என்ற விதித்தொகுப்பில்; பழகிய பிறகு இம்பீட்டஸ் என்ற இன்னொரு விதித்தொகுப்புக்கும் போக விருப்பம். முன்னது 40 மி.மீ. முகப்பை (பேஸின் முன்பக்க அகலத்தை) கேட்கிறது, பின்னது 80 மி.மீ. முகப்பைக் கேட்கிறது. பசை இறுகி மணலும் ஒட்டிக்கொண்ட பிறகு பெயர்த்தெடுத்தால் கணுக்கால்கள் ஒடியும் என்பதால், முதல் முறையே சரியாகச் செய்துவிடப் பார்க்கிறேன்.

இன்னொரு ஐயம் ஆழத்தை, அதாவது பேஸின் முன்பின் அளவைப் பற்றியது. நெடு ஈட்டி வீரர் நால்வரை 15 மி.மீ. ஆழத்தில் நிறுத்தினால், ஈட்டிகள் முன்னால் வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கின்றன. யானையின் துதிக்கையும் 40 மி.மீ.-க்குள் அடங்கவில்லை. ஆழத்தைச் சற்றுக் கூட்டினால் ஆட்டம் கெடுமா?

நாற்பது மில்லி

தயங்காமல் 40 மி.மீ. முகப்பிலேயே ஒட்டுங்கள். ஃபில் பார்க்கரும் அவருடைய வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப்பும் 1990-இல் டி.பி.ஏ.-வை வெளியிட்ட பிறகு, 15 மி.மீ. உருவங்களுக்கு 40 மி.மீ., 25 முதல் 28 மி.மீ. உருவங்களுக்கு 60 மி.மீ. என்ற முகப்பு பண்டைக்காலப் போர்களை மேசையில் ஆடும் ஆட்டங்களில் ஏறக்குறைய பொது வழக்காகவே ஆகிவிட்டது. டி.பி.எம்., ஃபீல்ட் ஆஃப் குளோரி, பிரெஞ்சுக்காரர்களின் லார் த லா கேர் ஆகிய மற்ற விதிகளில் ஆடுவோரும் அதே பேஸ்களைத்தான் மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். நீங்கள் நாளை எந்த ஊரில் எந்த எதிராளியோடு ஆட நேர்ந்தாலும் அவருடைய பேஸ் பெரும்பாலும் 40 மி.மீ. ஆகவே இருக்கும். இம்பீட்டஸுக்குப் போகும்போது இரண்டு பேஸ்களை அருகருகே வைத்தால் 80 மி.மீ. கிடைத்துவிடுகிறது. 80-இல் ஒட்டியதை 40 ஆக்க வேண்டுமென்றால் ரம்பம்தான் வேண்டும்.

முகப்புக்கும் ஆழத்துக்கும் ஒரே எடை கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். டி.பி.ஏ.-வின் மூன்றாம் பதிப்பில் நகரும் தூரங்களே பேஸின் அகலத்தை அலகாகக் கொண்டு அளக்கப்படுகின்றன. அதோடு, இரு படைகள் நேருக்கு நேர் மோதும்போது மூலையோடு மூலை பொருந்த வேண்டும் என்பதால், இரு தரப்பின் முகப்பும் ஒன்றாக இல்லாவிட்டால் ஆட்டமே நடக்காது. ஆழம் அப்படிப்பட்டதன்று. நெருங்கி நிற்கும் காலாட்படைக்கு 15, தளர்ந்து நிற்கும் காலாட்படைக்கு 20, குதிரைப்படைக்கு 30, யானைக்கும் தேருக்கும் 40 என்பவை பழைய வழக்கமான அளவுகள். இப்போது வரும் உருவங்களில் பல, பெயருக்கு 15 மி.மீ. என்றாலும் உண்மையில் 18 மி.மீ.-ஐத் தொடுகின்றன. ஆகையால் 15 மி.மீ. ஆழத்தை 20 ஆக்கிக்கொள்வதை, விருப்பத்துக்காக ஆடுவோர் யாரும் ஆட்சேபித்து நான் கண்டதில்லை. போட்டிக்குப் போவதாக இருந்தால் மட்டும் நடத்துநரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

யானைக்கு மட்டும் இந்தச் சலுகையைத் தர மாட்டேன். தோற்றுப் பின்வாங்கும் பிரிவு செல்லும் தூரம் அதன் பேஸின் ஆழத்தைப் பொறுத்தது. பின்வாங்கும் யானை, தான் மோதும் சொந்தப் படையையும் அழித்துவிடும். நெருக்கடியில் சிக்கிய போரஸின் யானைகள் பகைவரைப் போலவே தம்மவரையும் மிதித்தன என்று பண்டைய வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதியிருப்பதை இந்த விதி அழகாக மேசைக்குக் கொண்டுவருகிறது. ஆழத்தை மாற்றினால் அந்தக் கணக்கு கலைகிறது. 40 மி.மீ. சதுரத்தில் யானையைச் சற்றுக் குறுக்காகத் திருப்பி ஒட்டினாலே துதிக்கை உள்ளே வந்துவிடும்.

பெரும்பலகை

மேலே சொன்ன கணக்கில் பிழையில்லை. ஆனால் கணக்குக்காக மட்டுமா நாம் வண்ணம் பூசுகிறோம்? 40 மி.மீ. அகலத்தில் நான்கு பேரைத் தோளோடு தோள் ஒட்டினால் எல்லாப் பேஸும் ஒன்றுபோலவே இருக்கும். இம்பீட்டஸ் போன்ற விதிகள் 15 மி.மீ.-க்கு 80, 28 மி.மீ.-க்கு 120 என்று முகப்பை அகலப்படுத்தியதன் பயனே, ஒவ்வொரு பேஸிலும் ஒரு சிறு காட்சியை அமைக்க இடம் கிடைப்பதுதான். போரஸ் யானைகளை இடைவெளி விட்டு முன்வரிசையில் நிறுத்தி, காலாட்படையை அவற்றின் பின்னால் இடைவெளிகளுக்கு நேராக நிறுத்தினார் என்கிறார் அதே அர்ரியன். யானைகள் 200, தேர்கள் 300 என்பதும் அவர் தரும் எண்ணிக்கைதான். 80 மி.மீ. பலகையில் யானைக்குப் பின்னால் இரு பக்கமும் வில்லாளிகள் வில்லைத் தரையில் ஊன்றி இடதுகாலால் அழுத்தி நாணை இழுப்பதுபோல் அமைத்தால், இந்தியப் படை என்பது பார்த்தவுடனே விளங்கும். இன்னொன்று: டு த ஸ்ட்ராங்கஸ்ட் போலக் கட்டங்களில் ஆடும் விதிகளுக்கு பேஸ் அளவே ஒரு பொருட்டன்று, பிரிவு கட்டத்துக்குள் அடங்கினால் போதும்.

விதிகளை நம்பி பேஸ் வெட்டுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. வார்ஹாமர் என்ற கற்பனைப் போர் ஆட்டத்தில் மனிதக் காலாளுக்கு நெடுங்காலம் 20 மி.மீ. சதுரமாக இருந்தது, 2024-இல் அதன் புதிய வடிவமான தி ஓல்ட் வேர்ல்ட் வந்தபோது 25 மி.மீ. ஆயிற்று. பழைய படை வைத்திருந்தவர்களில் பலர் பெயர்த்து ஒட்டவில்லை. இடைவெளி விட்ட தட்டுகளில் பழைய பேஸ்களைப் பொருத்திக்கொண்டார்கள்.

புதுத்தளபதி

இருவருக்கும் நன்றி. அந்தத் தட்டு யோசனையை 15 மி.மீ.-க்கும் பயன்படுத்தலாமா? 40 மி.மீ. பேஸில் ஒட்டி, இம்பீட்டஸ் ஆடும் நாளில் மட்டும் 80 மி.மீ. தட்டில் ஏற்றிக்கொள்வதாக நினைக்கிறேன். டி.பி.ஏ.-வின் படைப் பட்டியல்களில் தமிழர்க்கும் சிங்களர்க்கும் சேர்த்து ஒரு பட்டியல் இருப்பதால், இந்த யானைகளைப் பின்னாளில் அதற்கும் கொண்டுபோகும் ஆசை உண்டு.

பசைக்காரன்

தாராளமாகச் செய்யலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பேஸின் அடியில் காந்தத் தாளையும் தட்டின் மேல் மெல்லிய இரும்புத் தகட்டையும் ஒட்டினால், தட்டைச் சாய்த்தாலும் பேஸ் நழுவாது. தட்டின் ஓரத்திலும் பேஸ்களில் தூவிய அதே மணலையும் புல்லையும் தூவிவிடுங்கள். பேஸ்களின் இடைக்கோடு கண்ணில் படாது. பெரும்பலகை கேட்கும் காட்சிக்கும் இதில் வழியுண்டு. தட்டை ஆழமாக வெட்டி, யானை பேஸைச் சுற்றி மிஞ்சும் இடத்தில் இரண்டு வில்லாளிகளைத் தட்டிலேயே நிலையாக ஒட்டிவிடலாம்.

பேஸுக்கு லேசரில் வெட்டிய 2 மி.மீ. எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை) போதும். அதைவிட மெல்லியதாக இருந்தால், நீர் கலந்த வெள்ளைப் பசை மேற்பக்கம் காய்ந்து சுருங்கும்போது நுனிகள் மேல்நோக்கி வளைந்துவிடும், 15 மி.மீ. ஆழமுள்ள குறுகிய பட்டைகளில் இது உடனே தெரியும். மணல் ஒட்டுவதற்கு முன் அடிப்பக்கத்துக்கும் ஒரு கோட் பெயின்ட் கொடுத்து, காய்ந்த பிறகு காந்தத் தாளை ஒட்டினால் வளைவு பெரும்பாலும் வராது.

ஈட்டிகளைப் பற்றி யாரும் விடை சொல்லவில்லை. தாழ்த்திய ஈட்டிகளை முன்னால் நீட்டி ஒட்டினால் எதிரியின் பேஸோடு முகப்பு சேராது. பின்னால் ஆதரவாக நிற்கும் பேஸில் தாழ்த்தினாலோ, அவை முன்னவர் முதுகில் குத்தும். உங்கள் உருவங்களில் ஈட்டி தனியாக வருமானால் எல்லாவற்றையும் நிமிர்த்தியோ சற்றே முன்சாய்த்தோ பிடிக்க வையுங்கள். வார்ப்போடு சேர்ந்து வந்த உலோக ஈட்டி கை பட்டாலே வளையும் என்பதால், அதை வெட்டிவிட்டு மெல்லிய எஃகுக் கம்பி பொருத்துவது நல்லது. நுனியை மட்டும் அரத்தால் மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்திலும் விரலில் ஏறும்.

ஒட்டுவதற்கு முன் நால்வரையும் பசையில்லாமல் 40-க்கு 20 பட்டையில் நிறுத்திப் பாருங்கள். உருவத்தோடு வார்த்த அடிப்பாகம் 10 மி.மீ.-க்கு மேல் அகலமாக இருந்தால் நான்காமவர் வெளியே நிற்பார். அப்போது பக்கவாட்டை அரத்தால் தேய்க்க வேண்டுமே தவிர, முகப்பைக் கூட்டக் கூடாது.