முதல் நாள் பால் போதுமா? வடசென்னை அம்மாக்களின் அனுபவப் பகிர்வு

வண்ணாரப்பேட்டை அம்மா:

என் தங்கை நிறைமாசமாக இருக்கிறாள். "அக்கா, எனக்குப் பால் வருமா?" என்று போன் செய்யும்போதெல்லாம் கேட்கிறாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். நீங்களும் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

எனக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். குழந்தையைத் துடைத்த கையோடு என் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுவிட்டார்கள். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அது சரியாக நடந்தது. சிக்கல் வார்டுக்கு வந்த பிறகுதான். பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டு: "பால் இல்லடி, புள்ள பசியில கத்துது, பவுடர் வாங்கியாரச் சொல்லு."

ராத்திரி டியூட்டிக்கு வந்த நர்ஸம்மா என் மார்பை லேசாக அழுத்திக் காட்டினார். தேன் நிறத்தில் ஒரு சொட்டு நின்றது. "இதாம்மா சீம்பால். இன்னைக்கு உன் புள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒரு ஸ்பூன் போதும். பால் நல்லா இறங்க ரெண்டு மூணு நாள் ஆகும், அதுவரைக்கும் அடிக்கடி வாய்ல வெச்சிக்கினே இரு" என்றார். முதல் நாளில் குழந்தை ஒரு தடவைக்குக் குடிப்பது ஐந்து, ஏழு மில்லிதான் இருக்கும். நோயைத் தடுக்கும் சக்தி அந்தச் சொட்டில்தான் செறிந்திருக்கிறது.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய உதவி. குழந்தையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டுகிற மாதிரி திருப்பினார். வாயைப் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருந்து, காம்போடு கருவட்டமும் உள்ளே போகிற மாதிரி சட்டென்று அணைத்து வைத்தார். கீழுதடு உள்ளே மடிந்திருந்தது. அதைச் சுண்டுவிரலால் மெல்ல வெளியே இழுத்துவிட்டார். அதுவரை ஊசி குத்துகிற மாதிரி இருந்த வலி அந்த நிமிஷமே மாறியது. குழந்தையின் காதோரம் அசைய, 'க்ளக்' என்று விழுங்கும் சத்தமும் கேட்டது. பிரசவமான எல்லாப் பெண்ணுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து இப்படிக் காட்டித்தர ஒருவர் வேண்டும். பாதிப் பேர் பவுடருக்குப் போவது அப்படி ஒருவர் இல்லாததால்தான் என்று நான் நம்புகிறேன்.

மாமியார் சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு வந்தார். "ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான் பாட்டி, தண்ணிகூட வாணாம்" என்று நர்ஸம்மா பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். அக்னி நட்சத்திர வெயிலிலும் அப்படித்தான். தாய்ப்பாலில் இருக்கிற தண்ணீரே போதும்.

காசிமேடு மீனா அம்மா:

எனக்கு முதல் இரண்டு நாளும் சொட்டுதான். மூன்றாம் நாள் விடியும்போது இரண்டு பக்கமும் பால் கட்டிக் கல்லு மாதிரி ஆகிவிட்டது, கையைத் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மல்லிகைப்பூ வாங்கி வந்து வைத்துக் கட்டச் சொன்னார். நல்லவேளையாக என் ஆயா தடுத்தது. பால் மறக்கடிக்கத்தான் மல்லிகைப்பூ கட்டுவார்கள், கொடுக்கிறவள் கட்டவே கூடாது. வெந்நீர்த் துணியை ஒத்தி, கொஞ்சம் பாலைக் கையால் பீய்ச்சி எடுத்ததும் கருவட்டம் இளகியது, அப்புறம்தான் குழந்தையால் பிடிக்கவே முடிந்தது. குடித்து முடித்த பிறகு ஈரத்துணி வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் சிவந்து, குளிர் ஜுரம் வந்தால் மட்டும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

சாப்பாடு என்றால் எங்கள் வீட்டில் பால் சுறா புட்டு. கடற்கரையிலிருந்து அப்பா வாங்கி வர, அம்மா வேகவைத்து, தோலுரித்து உதிர்த்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுக் கிண்டிக் கொடுக்கும். உடம்புக்குத் தெம்பு வந்தது. ஆனால் பால் ஊறுவது குழந்தை குடிக்கக் குடிக்கத்தான். ராத்திரி கொடுப்பதை விடாதீர்கள், பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம்.

திருவொற்றியூர் சிசேரியன் அம்மா:

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன். நான் தியேட்டரில் இருக்கும்போதே, யாரையும் கேட்காமல் குழந்தைக்கு பாட்டிலில் பவுடர் பால் கொடுத்துவிட்டார்கள். ரூமில் பவுடர் கம்பெனி படம் போட்ட காலண்டர் வேறு. தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பவுடருக்கு விளம்பரம் செய்யவோ, அம்மாக்களுக்கு இலவச சாம்பிள் கொடுக்கவோ கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

அம்மா சண்டை போட்டுக் குழந்தையை என்னிடம் வாங்கிக் கொடுத்தார். தையல் வலிக்கு ஒருக்களித்துப் படுத்துதான் கொடுக்க முடிந்தது. உட்கார முடிந்ததும் குழந்தையை அக்குளுக்குக் கீழே இடுக்கிப் பிடித்துக் கொடுத்தேன், வயிற்றில் கால் படவில்லை. மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைத்தபோது பீய்ச்சிய பாலைச் சங்கில் புகட்டினோம். ராத்திரியெல்லாம் குழந்தையைத் தூக்கி என் பக்கத்தில் கிடத்தியது வீட்டுக்காரர்தான்.

நிஜமாகவே பால் பற்றாத அம்மாக்களும் உண்டு. எடை பார்த்து டாக்டர் பவுடர் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள், அதற்காக யாரும் உங்களைக் குற்றம் சொல்லக் கூடாது.

எண்ணூர், முதல் குழந்தை:

அக்கா, என் பையன் பிறந்து ஒரு வாரம் ஆகிறது. குடித்துவிட்டுத் தூங்குகிறான், உடனே அழுகிறான். போதுகிறதா இல்லையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? எடையும் குறைந்திருக்கிறது என்கிறார்கள்.

வண்ணாரப்பேட்டை அம்மா:

அழுகையை வைத்துக் கணக்குப் போடாதேம்மா, துணியைப் பார். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போக வேண்டும். கறுப்பாகப் போன மலம் பச்சையாகி மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது வழக்கம்தான், பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். எதற்கும் நாளைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை போட்டுவிடு, அப்படியே நர்ஸம்மா முன்னாலேயே ஒரு தடவை பால் கொடுத்துக் காட்டு. எழுப்பினாலும் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, துணி நனையாமல் இருந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சளாகத் தெரிந்தாலோ காலை வரை காத்திருக்காதே. 108-க்குப் போன் போட்டு ராத்திரியே கிளம்பு.