புதுப்பிப்பு: மண்டித் தராசு என்ன ஆச்சு?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மண்டியில் பெங்களூரா மாங்காய் போட்டபோது, வீட்டில் 50 கிலோ நின்ற லோடு அங்கே 48 காட்டியதாகப் போன வாரம் எழுதியிருந்தேன். தராசைச் சரிபார்த்து அரசு குத்தும் முத்திரையைப் பார்த்தீர்களா என்று பலர் கேட்டீர்கள். நேற்றுதான் குனிந்து பார்த்தேன். இருக்கிறது, ஆனால் கெடு முடிந்துவிட்டது.

எல்லாத் தராசுக்கும் முத்திரைக் கெடு 2 வருடம் என்று நான் எழுதியது தப்பு. 2011 சட்டமுறை எடையளவு விதிகளின்படி எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை; எடைக்கல்லுக்கும் கைத்தராசுக்கும்தான் 24 மாதம்.

அதைவிட உறுத்தியது, சீல் கம்பி அறுந்து தொங்கியது. அது இல்லையென்றால் உள்ளே அளவைத் திருத்திவிடலாம். "ரிப்பேருக்குப் போய் வந்ததுங்க" என்றார் மண்டிக்காரர். ரிப்பேர் பார்த்தால் மறுபடி முத்திரை வாங்கித்தான் வியாபாரத்துக்கு வைக்க வேண்டும், சான்றிதழையும் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்றேன். "அது பீரோவுல இருக்குதுங்க" என்றார். சரி.

என் வீட்டுத் தராசுக்கும் முத்திரை கிடையாது, அதனால் அந்த 2 கிலோவுக்கு நான் சத்தியம் செய்ய மாட்டேன். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு முடிவு தெரியும்வரை காய் வேறு மண்டிக்குப் போகிறது.