துணியிலிருந்தும் பொம்மையிலிருந்தும் குழந்தையிடம் வந்து சேர்ந்தவை

கும்பகோணத்திலிருந்து ஒரு தாய்

என் மகன் பிறந்தபோது, தீட்டுக் கழியும்வரை பிள்ளைக்குப் புதுத்துணி போடக் கூடாது என்ற வீட்டு வழக்கப்படி, என் மாமியார் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, பல ஆண்டுகளாக மடித்து வைத்திருந்த மாமனாரின் வேட்டிகளைக் கிழித்துக் கொடுத்தார். பெட்டியின் மூலைகளில் அந்துருண்டைகள் கிடந்தன. கோலிக்குண்டு அளவில் போட்டவை மிளகளவுக்குத் தேய்ந்திருந்தன. தேய்ந்தது எங்கே போயிற்று என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. அந்த மணம் எங்களுக்குச் சுத்தத்தின் மணமாகவே பட்டதால், துவைக்காமலேயே அந்தத் துணிகளைக் குழந்தைக்குச் சுற்றினோம். தூளியும் அதே வேட்டியில்தான் கட்டினோம்.

ஐந்தாம் நாள் உடம்பில் மஞ்சள் தெரிந்தது. பிறந்த குழந்தைகளுக்கு வருவதுதானே என்று காலை வெயிலில் காட்டினோம். ஏழாம் நாள் இடுப்புத் துணியில் சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் படிந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் ஆட்டோ பிடித்து ஓடினோம். இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்ததும், குழந்தை மருத்துவர் பாலைப் பற்றியோ காய்ச்சலைப் பற்றியோ கேட்கவில்லை. "இந்தத் துணியை எதில் எடுத்து வைத்திருந்தீர்கள்?" என்றுதான் கேட்டார்.

என் மகனுக்கு ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக இருந்தது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வரும் இந்தக் குறை, தாயின் வழியே வருவது. எனக்கு அறிகுறி எதுவும் இருந்ததில்லை. அந்துருண்டையிலுள்ள நாப்தலீன் உருகாமலேயே ஆவியாகித் துணியில் ஏறி, அங்கிருந்து தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய், இந்த நொதி குறைந்த குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்று மருத்துவர் விளக்கினார். நாங்கள் நாள்தோறும் எண்ணெய் தேய்த்ததும் அதற்கு வழி செய்து கொடுத்திருக்கிறது, ஏனெனில் எண்ணெய் பூசிய தோல் நாப்தலீனை இன்னும் எளிதாக உறிஞ்சுமாம். நான்கு நாள் நீல விளக்கின் கீழ் வைத்திருந்து, ஒரு முறை இரத்தம் ஏற்றி, பிள்ளையைத் திருப்பித் தந்தார்கள். மாமியார் அந்த நான்கு நாளும் மருத்துவமனை வராந்தாவில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் அந்த மணம் எனக்கும்தானே பிடித்திருந்தது?

திருப்பூரிலிருந்து, ஏற்றுமதி நிறுவனமொன்றில் தரக் கட்டுப்பாட்டில் இருப்பவர்

மேலே எழுதிய சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய துணி என்ற வழக்கத்தில் தவறில்லை. நூறு முறை துவைத்த வேட்டியைப் போலக் குழந்தைக்குப் பாதுகாப்பான துணி வேறில்லை என்பதைப் பதினெட்டு ஆண்டுகளாகப் புதுத்துணியிலேயே புழங்கும் நான் சொல்கிறேன். பெட்டியில் இருந்த உருண்டைதான் அதைக் கெடுத்தது.

புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களாகச் சிதையக்கூடிய சில அசோ வகைச் சாயங்களுக்கு ஜெர்மனி 1994-இல் தடை விதித்தபோது எங்கள் ஊர் பதறிப்போனதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இந்தியாவும் 1997-இல் பல அசோ சாயங்களைத் தடை செய்தது. இப்போது சாயம் ஓரளவு கட்டுக்குள் வந்துவிட்டது. எங்களை அலைக்கழிப்பது, துணிக்குப் போடும் சில ரசாயனங்களிலிருந்து வெளிவந்து தோலை உறுத்தும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஆடையில் அது 16 பிபிஎம் (பத்து லட்சத்தில் 16 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்பது ஜப்பானின் சட்டம். பெரியவர்களின் உள்ளாடைக்கு 75 வரை அனுமதி உண்டு.

ஒரு முறை ஜப்பானிய இறக்குமதியாளர் ஒருவருக்காகக் குழந்தை ரோம்பர்கள் (மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடுப்புகள்) தைத்தோம். பிரிண்ட் கிடையாது, வெறும் வெளிர் நிறம். லேப் ரிப்போர்ட்டில் பிரச்சினை எதுவும் இல்லை. பேக்கிங்குக்கு முன் பத்து நாள் அவை குடோனில் திறந்தபடி இருந்தன. பக்கத்து ரேக்கில், பிக்மென்ட் பிரிண்ட் போட்டு, நிறத்தைத் துணியில் ஒட்ட வைக்கும் பைண்டர் என்ற பசை சூட்டில் சரியாக இறுகாத பெரியவர்களின் டி-ஷர்ட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. அங்கே போய்ச் சேர்ந்த பின் மறுபடியும் சோதித்ததில் ரோம்பர் வரம்பைத் தாண்டியிருந்தது. பைண்டரிலிருந்து வெளியேறிய ஃபார்மால்டிஹைடு, காற்றோடு வந்து பருத்தியில் குடியேறிவிட்டது. மொத்தச் சரக்கும் திரும்பியது. முதலாளி என்னைத் திட்டியது நியாயம்தான், ஏனென்றால் குழந்தை உடுப்புகளைத் தைத்தவுடன் தனித்தனிப் பாலித்தீன் பையில் இட்டு மூட வேண்டும் என்பது எழுதி ஒட்டியிருந்த விதி. இடநெருக்கடியில் நான் அதைத் தள்ளிப் போட்டேன்.

ஃபார்மால்டிஹைடு தண்ணீரில் கரைந்து போகக்கூடியது. என் பேத்திக்கு வரும் புது உடுப்பு எதுவாக இருந்தாலும், விலைச்சீட்டைக் கழற்றியதும் நேராக வாளித் தண்ணீருக்குத்தான் போகும்.

நியூஜெர்சியிலிருந்து ஒரு தந்தை

இந்த மாநிலத்தில் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் குழந்தையின் இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க வேண்டும் என்பது விதி. என் மகளுக்கு ஒரு டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராம் இருந்தது, 3.5 இருந்தாலே கவனிக்கச் சொல்கிறார்கள். எங்கள் வீடு 1978-க்கு முன் கட்டியது என்பதால் ஈயப் பெயின்ட்டாக இருக்கும் என்று, சுகாதாரத் துறைப் பெண்மணி ஒருவர் கைத்துப்பாக்கி போன்ற கருவியை எடுத்துக்கொண்டு வந்து ஜன்னல் சட்டங்கள், கதவு நிலை, மரப் பொம்மைகள் என்று எல்லாவற்றையும் சோதித்தார். எதிலும் கிடைக்கவில்லை. கிளம்பும் வேளையில் மகளின் கன்னத்திலிருந்த திருஷ்டிப் பொட்டைப் பார்த்து, அது என்ன என்று கேட்டார்.

என் பாட்டி விளக்கெண்ணெய் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துப் புகைக்கரியைப் பிடித்து மை கூட்டுவார். அது வெறும் கரி. நாங்கள் வாங்கியது ஊரிலிருந்து வந்த சிறு டப்பா, கல்லை அரைத்துச் செய்யும் சுர்மா என்ற கண் மை வகை. அந்தக் கல் பல நேரங்களில் ஈயச் சல்பைடுதான். டப்பாவின் மூடிக்கருகே கருவியை வைத்ததும் காட்டிய எண்ணைப் பார்த்து அவரே ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். குழந்தை கண்ணைக் கசக்கிய விரலைத்தான் வாயில் வைக்கிறது. பெரியவர் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு உடலில் ஏறினால், குழந்தைக்குப் பாதியளவு ஏறிவிடும். மருந்து கொடுக்க வேண்டிய அளவு இல்லை என்பதால் மையை மட்டும் நிறுத்தினோம். ஓராண்டில் 4-க்கு இறங்கியது.

மதுரையிலிருந்து பொம்மைக் கடை நடத்துபவர்

2021 ஜனவரி 1 முதல் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வாடிக்கையாளர்கள் முத்திரையைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அதன் கீழே உள்ள சிஎம்/எல் எண்ணை, அதாவது தயாரிப்பாளரின் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்ப்பவர் ஆண்டுக்கு இரண்டு பேர்தான். அந்த இருவரில் ஒருவர், ஓர் இளம் தாய், என் கடையில் இருந்த வண்ணக் கட்டைகளின் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது வேறொரு நிறுவனத்தின் பெயரைக் காட்டுகிறதே என்றார். மொத்த வியாபாரியிடம் நம்பி வாங்கிய சரக்கு. வெட்கத்தோடு அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன்.

அதன் பிறகுதான் இந்தச் சோதனை எப்படிச் செய்யப்படுகிறது என்று விசாரித்தேன். வண்ணப் பூச்சைச் சுரண்டி எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், உடல் வெப்பமான 37 டிகிரியில் ஒரு மணி நேரம் குலுக்கி, இன்னொரு மணி நேரம் அசையாமல் வைத்து, ஈயம், காட்மியம், பாதரசம் முதலிய எட்டுத் தனிமங்கள் எவ்வளவு கரைந்து வெளிவருகின்றன என்று அளக்கிறார்கள். கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு குழந்தையின் வயிற்றையே செய்து வைத்ததைப் போன்றது அது. கைவினைஞர்களாகப் பதிவு செய்தவர்களின் பொம்மைகளுக்கு இந்த முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே மரச்சொப்பு கேட்பவர்களுக்கு நான் பளபளக்கும் எனாமல் பூசியதை விட்டுவிட்டு, கடைசலில் அரக்கு ஏற்றியதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

முத்திரை வருவதற்கு முந்தைய பொம்மைகள் இன்னும் வீடுகளில்தான் இருக்கின்றன. சென்ற மாதம் ஒரு பாட்டி, மகள் விளையாடிய பழைய மிருதுவான பிளாஸ்டிக் பொம்மையைப் பேத்திக்காகப் பரணிலிருந்து இறக்கி, கழன்ற கையை மாட்டித் தர முடியுமா என்று கொண்டுவந்தார். தினத்தாளில் சுற்றியிருந்தது. தாளைப் பிரித்தபோது பிசின் போல ஒட்டிக்கொண்டு வந்தது. பிளாஸ்டிக்கை மிருதுவாக்கக் கலந்த எண்ணெய்ப் பொருள் இத்தனை ஆண்டுகளில் கசிந்து மேலே வந்திருந்தது. பொம்மையின் முதுகில் ஒரு நகைக்கடை விளம்பரம் இடவலம் மாறிப் பதிந்திருந்தது. பாட்டியிடம் முதுகைத் திருப்பிக் காட்டினேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, கையை மாட்ட வேண்டாம் என்று சொல்லி, பொம்மையை அதே தாளில் மறுபடியும் சுற்றிக்கொண்டார்.