அணு உலை விபத்து: அண்டை ஊராரும் அண்டை நாட்டாரும் எதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்?

கேள்வி: இயற்பியல் ஆசிரியை, திருவான்மியூர்

வணக்கம். மேல்நிலை வகுப்பில் ஜப்பானின் புகுஷிமா அணுநிலைய விபத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், கல்பாக்கத்தில் அப்படி நேர்ந்தால் நாம் என்ன செய்வது என்றுதான் மாணவர்கள் முதலில் கேட்கிறார்கள். உலை எப்படி உருகியது என்பதை என்னால் விளக்க முடிகிறது. அந்த நாட்களை மக்கள் எப்படிக் கடந்தார்கள், பக்கத்து நாடுகள் அதிலிருந்து எதைக் கற்றுக்கொண்டன என்பதைச் சொல்லப் பாடநூல் போதவில்லை. அப்போது ஜப்பானில் இருந்தவர்களும் இத்துறையில் பணிபுரிந்தவர்களும் விளக்கினால் வகுப்புக்குப் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: மேற்கு மாம்பலம்

வணக்கம் அம்மா. 2011-இல் நான் குடும்பத்துடன் தோக்கியோவின் எதொகவா பகுதியில், இந்தியர்கள் நிறையப் பேர் வாழும் நிஷிகசாயில் இருந்தேன். மார்ச் 11 பிற்பகல் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து ஆழிப்பேரலையும் வந்தன. மறுநாள் புகுஷிமாவின் முதல் உலையின் கட்டடமும், 14-ஆம் தேதி மூன்றாம் உலையின் கட்டடமும் ஹைட்ரஜன் வெடிப்பில் சிதைந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கடைகளில் ரொட்டி, பேட்டரி, தண்ணீர் பாட்டில் எதுவும் இல்லை. சென்னையிலிருந்து உறவினர்கள் உடனே புறப்பட்டு வரச் சொல்லி அழுதார்கள். பலர் கிளம்பியும் விட்டார்கள்.

எங்கள் வீட்டை நேரடியாகத் தொட்ட செய்தி மார்ச் 23-ஆம் தேதி வந்தது. கனமாச்சி நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய்நீரில் ஒரு கிலோவுக்கு 210 பெக்கரெல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின் இருப்பதாக மாநகர அரசு அறிவித்தது. பெரியவர்களுக்கான வரம்பு 300, கைக்குழந்தைகளுக்கு 100. ஆகவே பெரியவர்கள் குடிக்கலாம், குழந்தைக்குப் பால் கரைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னார்கள். குழந்தைகளுக்கென்று பாட்டில் தண்ணீரும் கொடுத்தார்கள். அளவு வரம்புக்குள் இறங்கியதும் அதையும் அறிவித்தார்கள். எண்ணும், வரம்பும், செய்ய வேண்டியதும் ஒரே அறிவிப்பில் இருந்ததால்தான் அன்றிரவு என் மனைவியால் பதறாமல் முடிவெடுக்க முடிந்தது.

உலைக்கு அருகில் இருந்தவர்களுக்கு இந்தத் தெளிவு கிடைக்கவில்லை என்பதை எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது. நாமியே ஊர் மக்களில் பலர் சுஷிமா என்ற மலைப்பகுதியில் தஞ்சம் புகுந்தார்கள். கதிரியக்கத் துகள்களைக் காற்று அதே வடமேற்குத் திசைக்குத்தான் கொண்டு சென்றது. துகள்கள் எங்கே பரவக்கூடும் என்று கணக்கிடும் ஸ்பீடி என்ற கணினி அமைப்பு அரசிடம் இருந்தும், அதன் முடிவுகள் உரிய நேரத்தில் அவர்களைச் சென்றடையவில்லை. உலையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலும் பரவிக் கிடந்த இயிதாத்தே கிராமத்தை வெளியேற்றும் முடிவு ஏப்ரலில்தான் வந்தது. இத்தனை கிலோமீட்டருக்குள் வெளியேறுங்கள் என்று வரைபடத்தில் வட்டம் போடுவது நிர்வாகத்துக்கு எளிது; காற்று அந்த வட்டத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

மாணவர்களிடம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவசரமாக வெளியேற்றியதும் உயிர்களைப் பறித்தது. ஃபுதாபா மருத்துவமனையிலும் அதைச் சார்ந்த முதியோர் இல்லத்திலும் இருந்தவர்களில் 40-க்கும் மேற்பட்டோர், முறையான மருத்துவ உதவியின்றிக் காத்திருந்தும் பேருந்துகளில் நெடுநேரம் பயணம் செய்தும் இறந்துபோனார்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற பொறியாளர், பெருங்குடி

கல்பாக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இரண்டாம் உலை இயங்கிக்கொண்டிருந்தது. முதல் உலை ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தது, உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. கட்டுமானத்தில் இருந்த ஈனுலையின் (எரிப்பதை விட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) அடித்தளக் குழி நீரில் மூழ்கியது. ஊழியர் குடியிருப்பில் உயிரிழப்பு ஏற்பட்டது. அந்தக் காலையை அங்கிருந்த எவரும் மறக்க மாட்டோம்.

புகுஷிமாவில் அவசரகால டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்ததால் ஆழிப்பேரலையில் மூழ்கின. ஆறாம் உலைக்குரிய, காற்றால் குளிரூட்டப்படும் ஒரே ஒரு ஜெனரேட்டர் உயரத்தில் இருந்ததால் தப்பியது. ஐந்தாம், ஆறாம் உலைகளைக் காப்பாற்றியது அதுதான். ஆகவே கடற்கரை உலை எதைப் பற்றியும் பொதுமக்கள் முதலில் கேட்க வேண்டியது, மாற்று மின்சாரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே.

சென்னை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது; நிலையத்தைச் சுற்றிய அவசரநிலைத் திட்ட எல்லையோ 16 கிலோமீட்டர். நகரத்தைக் காலி செய்வதைப் பற்றிக் கவலைப்படுவதை விட, குடிநீரையும் பாலையும் கீரையையும் யார் சோதிப்பார்கள், முடிவை எத்தனை மணிக்குள் அறிவிப்பார்கள் என்று கேட்பது பயனுள்ளது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் கல்பாக்கத்துக்கும் சென்னைக்கும் இடையே அதே கடற்கரையில் இருப்பதை மறந்துவிடக் கூடாது. காற்றையும் பாருங்கள்: கோடையில் தெற்கிலிருந்து, அதாவது கல்பாக்கத்திலிருந்து சென்னையை நோக்கி வீசும், வடகிழக்குப் பருவத்தில் நேர் எதிர்.

பதில் 3: மன்னாரில் பிறந்தவர், வளசரவாக்கம்

அண்டை நாடு என்று கேட்டதால் எழுதுகிறேன். கூடங்குளம் அணுநிலையத்திலிருந்து இலங்கையில் உள்ள எங்கள் மன்னார் சுமார் 250 கிலோமீட்டர். செர்னோபில் விபத்து 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் நடந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் 28-ஆம் தேதி கருவிகள் காட்டிக்கொடுத்த பிறகே சோவியத் அரசு வாய் திறந்தது. போலந்து சொந்தக் கருவிகளின் அளவீட்டை நம்பி, தைராய்டைக் காக்க ஒரு கோடிக் குழந்தைகளுக்கு அயோடின் கரைசல் கொடுத்தது. அண்டை நாடு தன் கையில் அளவீட்டுக் கருவியை வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த ஆண்டே, விபத்தை உடனே அறிவிக்க வேண்டும் என்ற பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. இந்தியா, இலங்கை இரண்டும் அதில் உறுப்பினர்கள். ஆனால் விபத்துக்குப் பின் வரும் அறிவிப்பு மட்டும் போதாது. இந்தியாவும் பாகிஸ்தானும் எத்தனையோ பகைக்கு நடுவிலும் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று அணுநிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. நட்பு நாடுகளான இந்தியாவும் இலங்கையும் தமக்குள் கதிர்வீச்சு அளவீடுகளை அன்றாடம் பகிர்ந்துகொள்வது ஏன் இயலாது? மன்னார் வளைகுடாவில் இரு கரை மீனவர்களுக்கும் பிழைப்பு ஒரே கடல்தான். புகுஷிமா நிலையத்தில் தேங்கியிருந்த நீரைச் சுத்திகரித்து ஜப்பான் 2023 ஆகஸ்டில் கடலில் விடத் தொடங்கும் முன்பே தென்கொரியாவில் மக்கள் உப்பை வாங்கிக் குவித்தார்கள்; தொடங்கிய அன்றே சீனா ஜப்பானிய மீனுக்குத் தடை விதித்தது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. அயோடின் கலந்த உப்பை அதிகம் சாப்பிட்டால் போதும் என்று சில மாணவர்கள் நம்புகிறார்கள். அது சரியா?

பதில் 1: மேற்கு மாம்பலம்

சரியல்ல அம்மா. 2011-இல் சீனாவிலும் இதே நம்பிக்கையால் உப்புக்கு அடித்துக்கொண்டார்கள். அணு விபத்தின்போது பெரியவர்களுக்குக் கொடுக்கும் அயோடின் மாத்திரை ஒன்றில் 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு உண்டு. அந்த அளவை உப்பிலிருந்து பெறக் கிலோக் கணக்கில் தின்ன வேண்டும், அதற்குள் உப்பே ஆளைக் கொன்றுவிடும். மாத்திரையும் தைராய்டு சுரப்பியை மட்டுமே காக்கும், சீசியம் போன்ற பிற கதிரியக்கப் பொருள்களுக்குப் பயன்படாது. அதிகாரிகள் சொல்லும் நேரத்தில் மட்டுமே எடுக்க வேண்டும். காயத்துக்குப் போடும் அயோடின் டிங்சரைக் குடிக்கவே கூடாது என்பதையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.