'பிஎம்எல்' தமிழில்: உறிஞ்சடுக்கா, இயைவடுக்கா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்காந்த அலைகளைக் கணினியில் கணிக்கும்போது, கணிக்கும் வெளியின் விளிம்பில் அலை முட்டித் திரும்பாமல் இருக்க வைக்கும் அடுக்குதான் பெர்ஃபெக்ட்லி மேட்ச்ட் லேயர், சுருக்கமாக பிஎம்எல். அதற்குத் தமிழில் 'உறிஞ்சடுக்கு' என்ற முன்மொழிவைப் படித்தேன். வாயில் நன்றாக வருகிறது, பார்த்ததும் புரிகிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

மின்புலமும் காந்தப்புலமும் எப்படி மாறும் என்று சொல்லும் மாக்ஸ்வெல் சமன்பாடுகளை, வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணிக்கும் முறையை கேன் யீ 1966இல் தந்தார். மின்புலமும் காந்தப்புலமும் அரைக்கட்டம் தள்ளி அமரும். நேரத்திலும் அரைப்படி முன்பின்னாக நடக்கும். தலைவலி எங்கே என்றால் கட்டங்கள் முடியும் இடத்தில். ஒரு வைஃபை ஆண்டெனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 செ.மீ.; இருபதாகப் பிரித்தால் ஒரு கட்டம் சுமார் 6 மி.மீ. வெட்டவெளி முழுவதையும் இப்படிக் கட்டம் போட முடியாது, எங்கேயாவது நிறுத்தியாக வேண்டும். நிறுத்திய விளிம்பில், கல் கட்டிய குளக்கரையில் சிற்றலை முட்டுவதுபோல, அலை முட்டித் திரும்பிவிடும்.

1981இல் மூர் தந்த விளிம்பு நிபந்தனை, அதாவது விளிம்புக் கட்டத்தில் புலத்தைக் கணிக்கும் விதி, நேராக வரும் அலையை நன்றாகவே வெளியே அனுப்பியது. சரிந்து வரும் அலையில் தடுமாறியது. 1994இல் பெராஞ்சே வேறு வழி கண்டார். உறிஞ்சும் பொருளை விளிம்பில் வைப்பது அதற்கு முன்பே தெரிந்ததுதான். அவர் புதிதாகச் செய்தது வாசலில்: எந்தக் கோணத்தில், எந்த அதிர்வெண்ணில் வந்தாலும் அடுக்குக்குள் நுழையும்போது அலை எதையும் உணரக்கூடாது. அந்த 'மேட்ச்ட்', அதாவது பொருத்தம், தான் அவருடைய கண்டுபிடிப்பு. 'உறிஞ்சடுக்கு' அதையே விட்டுவிடுகிறது.

நான் முதலில் எழுதிய நிரலில் அடுக்குக்கு நாலே நாலு கட்டம் வைத்து, அலையை உறிஞ்சும் மின்கடத்துத்திறனை ஒரே அடியாக ஏற்றினேன். உறிஞ்சத்தானே போகிறது, நிறைய உறிஞ்சட்டும் என்று நினைத்தேன். ஆண்டெனா அனுப்பிய அலைத்துடிப்பு அடுக்கின் முதல் கட்டத்தைத் தொட்டதுமே ஒரு பகுதி பிரிந்து ஆண்டெனாவை நோக்கித் திரும்பி வந்ததைத் திரையில் பார்த்தேன். அப்புறம் பத்துக் கட்டமாக்கி, கடத்துத்திறனைச் சுழியிலிருந்து மெல்ல மெல்ல ஏற்றினேன். துடிப்பு உள்ளே போனது, தேய்ந்தது, கடைசிச் சுவரில் பட்டுத் திரும்பும் வழியில் இன்னொரு முறை தேய்ந்தது. 'உறிஞ்சு' என்ற சொல் மாணவர்களை என் முதல் நிரலுக்கே இழுத்துப் போகும் என்பதுதான் என் கவலை. தவிர, மூருடையதைப் போன்ற நிபந்தனைகளுக்கு 'உறிஞ்சு எல்லை' என்ற பெயர் வேண்டியிருக்கிறது. இரண்டும் குழம்பும்.

'தெறிப்பிலா அடுக்கு' என்றும் ஒரு யோசனை வந்தது. ரேடியோ அலைக்கு 'எதிரொளிப்பு' என்பதைவிட இலங்கைப் பாடநூல்களின் 'தெறிப்பு' எனக்கு மிகவும் பிடிக்கும்; அதில் ஒளி வந்து குறுக்கிடுவதில்லை. ஆனால் பின்சுவரில் தெறிப்பு உண்டு என்பதால் பெயர் முழு உண்மையாகாது.

என் முன்மொழிவு: இயைவடுக்கு. இயைவு என்றால் பொருந்துதல். 'இயைபு' என்று வைத்தால் இன்னும் இனிமை. அடிகளின் கடைசி ஒத்து வருவதைத்தானே இயைபுத் தொடை என்கிறோம், இங்கேயும் பொருந்த வேண்டியது விளிம்பில்தான். ஆனால் வேதியியலார் சேர்மங்களின் இயைபு என்று அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'இயைவு' அந்தக் குழப்பம் இல்லாதது.

'படலம்' வேண்டாம், மெல்லிய ஒற்றைத் தோல் என்ற எண்ணம் வரும். இது பத்துக் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியது, அதனால் அடுக்கு. 'முழு' என்பதை வரையறையில் மட்டும் சொன்னால் போதும். சமன்பாட்டில்தான் பொருத்தம் முழுமையானது. கட்டமாக்கியதும் சிறு தெறிப்பு எஞ்சும்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "ஆண்டெனாவைச் சுற்றி ஆறு பக்கமும் பத்துக் கட்ட இயைவடுக்கு வை." எனக்குத் தடுக்கவில்லை. உங்களுக்குத் தடுக்கினால் எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்.