மதுரையில் மாணவர்களுக்கு ஏற்ற கவுன்சலிங் எங்கே கிடைக்கும்?

வணக்கம். இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டல்வாசி. அரியர் விழுந்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. மெஸ்ஸில் தட்டோடு உட்கார்ந்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

கல்லூரியில் கவுன்சலர் அறை உண்டு. ஆனால் உள்ளே இருப்பவர் எங்களுக்கு இன்டர்னல் மார்க் போடும் மேடம். அவரிடம் என்னத்தைச் சொல்ல?

மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416-இல் பேசினேன். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசினார்கள். மனசு கொஞ்சம் லேசானது. (தேவைப்படுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.) ஆனாலும் வாராவாரம் ஒரே ஆளிடம் நேரில் பேச வேண்டும் போலிருக்கிறது.

அரசு இராசாசி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு யாராவது போயிருக்கிறீர்களா? ஓ.பி. சீட்டு எத்தனை மணிக்குள் போட வேண்டும்? மாத்திரை மட்டும் எழுதித் தருவார்களா, உட்கார வைத்துப் பேசுவார்களா? எனக்கு 18 முடிந்துவிட்டது. 2017 மனநலச் சட்டப்படி நம் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று படித்தேன். நடைமுறையில் அப்பா அம்மாவைக் கூட்டி வரச் சொல்வார்களா?

தனியாரில் மாணவர்களுக்குக் கட்டணம் குறைத்து வாங்குபவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். ஹாஸ்டல் கேட் ஆறரைக்கு மூடிவிடுவார்கள், அதனால் சனிக்கிழமை என்றால் வசதி. அப்புறம், "யோகா பண்ணு தம்பி" மட்டும் வேண்டாம், ப்ளீஸ். பொதுவில் எழுதத் தயக்கமென்றால் இன்பாக்ஸில் வாருங்கள் அண்ணா, அக்கா.